‘செட்’டா, ‘க்ளெய்ம்ட்’டா? செய்திக்குள்ள ஒரு வினைச்சொல் பார்க்கிற வேலை

இந்த எபிசோட்ல ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைத்தான் பார்க்கப் போறோம்: ‘க்ளெய்ம்’.

நமக்கு இது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் வழியா அறிமுகமான சொல். ஆஸ்பத்திரி பில்லை வெச்சு க்ளெய்ம் போடுறோம். ‘இது எனக்கு வர வேண்டியது, குடு’ என்பதுதான் அதோட அர்த்தம். லத்தீன்ல ‘க்ளாமாரே’ என்றால் கூவுவது. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கு. உரிமையைச் சத்தம் போட்டுக் கேட்கிற சொல், அவ்வளவுதான்.

செய்திக்குள்ள வந்ததும் இதுக்கு வேலை மாறுது. வெள்ளம் மூணு உயிரை ‘க்ளெய்ம்’ பண்ணுச்சுன்னு எழுதுவாங்க. நம்ம ஊர் பேப்பர்ல ‘காவு வாங்கியது’ன்னு வரும். ஒரு இயக்கம் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்றால் அதுக்கும் இதே சொல். இந்த ரெண்டும் யாரையும் குழப்பாது.

சிக்கல், ஒருத்தர் சொன்னதை எழுதும்போதுதான். சாதாரணமா ‘சொன்னார்’ என்பதற்கு ‘செட்’ போதும். அந்த இடத்துல ‘க்ளெய்ம்ட்’ போட்டா, ‘இவர் இப்படிச் சொல்றார், நான் இன்னும் நம்பலை’ என்ற தொனி வந்துடுது. தமிழ்ல இதுக்கு ஒரு அருமையான விகுதி இருக்கு: ‘ஆம்’. ‘வந்தாராம்’னா, நான் பார்க்கலை, கேள்விப்பட்டேன். அதுல கிண்டல் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ஆனா ‘இவரு பெரிய டாக்டராம்!’னு இழுத்துச் சொன்னா கதையே வேற. ‘க்ளெய்ம்ட்’ இந்த ரெண்டாவது ‘ஆம்’ பக்கம் சாயுற சொல். ஆபீஸ்ல ஒருத்தர் கோடை டெஸ்ட் பண்ணிட்டேன்னு சொல்லி, மேனேஜர் அதை மெயில்ல ‘க்ளெய்ம்ஸ்’னு எழுதினா, அன்னைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இப்போ ஒரு வேலைநிறுத்தச் செய்தியைக் கற்பனை பண்ணுங்க. ‘சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று நிர்வாகம் செட். இன்னும் வரவில்லை என்று தொழிலாளர்கள் க்ளெய்ம்ட்.’ ரெண்டு தரப்பும் வெறும் வாய்வார்த்தைதான். ஆதாரம் ஒண்ணுமே வரலை. ஆனாலும் வாசகர் மனசுல தீர்ப்பு எழுதியாச்சு. நிருபர் வேணும்னே செஞ்சிருக்கணும்னு இல்ல. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருதேன்னு மாத்தியிருக்கலாம். தலைப்புல இடம் பத்தலைன்னு இந்தக் குட்டிச் சொல்லை எடுத்திருக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு, இந்தச் சொல் ஒருவர் பேச்சின் நம்பகத்தன்மையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கலாம் என்று எச்சரிக்கிறது. எல்லா இடத்திலும் ‘செட்’ வந்து போரடிச்சாலும் பரவாயில்லை என்பதுதான் என் கட்சி.

அப்போ ‘செட்’ போட்டா நியாயம் கிடைச்சிடுமா? அதுவும் இல்ல. 2020 மே மாதம் மினியாபொலிஸ்ல ஜார்ஜ் ஃப்ளாய்ட் இறந்தபோது, போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கை அதை ஒரு மருத்துவச் சம்பவம் போலத்தான் சொன்னது. கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியது பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அதை வெச்சு ‘போலீஸ் செட்’னு எழுதினா இலக்கணப்படி சரி, மேற்கோள்படியும் சரி. ஆனா வாசகருக்கு உண்மை போய்ச் சேராது. ‘க்ளெய்ம்ட்’னு மாத்தினாலும் ஒரு முறைப்புதான் கூடுமே தவிர, புதுத் தகவல் எதுவும் வராது. நிலைமையை மாத்தினது, வழியில் நின்ற ஒரு பெண் எடுத்த வீடியோ. 2021 ஏப்ரல்ல அந்த அதிகாரி கொலைக் குற்றவாளின்னு தீர்ப்பு வந்தது.

அதனால சந்தேகம் இருந்தா, அதை வினைச்சொல்லுக்குள்ள ஒளிச்சு வைக்காம அடுத்த வாக்கியமா எழுதணும்: ‘போலீஸ் இப்படிச் சொன்னது; வீடியோவில் இப்படித் தெரிகிறது.’ நீளம் கொஞ்சம் கூடும்தான், கூடட்டும்.

அடுத்த எபிசோட்ல இதோட பங்காளி ‘அலெஜ்’ஜைப் பார்ப்போம். அது கோர்ட் வாசல் வரைக்கும் போற சொல்.