ஒரு சொட்டு ரத்தம் சொன்ன கணக்கு

பாடம் நடக்கும்போது தூங்கி விழுந்து, ஆசிரியரிடம் திட்டு வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! பயப்பட வேண்டாம். இன்று திட்டு வாங்கப் போவது நான்தான்.

நான் பீளமேட்டில் ஆசிரியையாக வேலை பார்த்த காலம் அது. 2004-ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. அப்பாவுக்கு மில் வேலை. முதல் இரண்டு பீரியட் முடிவதற்குள் அவள் தலை மேசையில் சாய்ந்துவிடும்.

"ஏன் கண்ணு, ராத்திரி டிவி பார்த்தியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க டீச்சர். நல்லாத்தான் தூங்குனேன். என்னமோ அசதியாவே இருக்குதுங்க" என்றாள்.

நான் நம்பவில்லை. சோம்பேறி என்று சொல்லி, எல்லோர் முன்பும் பெஞ்ச் மேல் நிற்க வைத்தேன். அடுத்த மாதம் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், இந்த வயதில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். இவளுக்கு 8தான் இருக்கிறது. இவளால் எப்படி விழித்திருக்க முடியும்?" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனை உடம்பு முழுவதும் சுமந்து செல்வதுதான் ஹீமோகுளோபினின் வேலை. அதைத் தயாரிக்க இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் ரத்தசோகை வரும். களைப்பு, மூச்சு வாங்குதல், பாடத்தில் கவனம் இன்மை எல்லாம் பின்னாலேயே வரும். ஆனால், வெளியே பார்த்தால் சோம்பல் மாதிரிதான் தெரியும்!

என் வகுப்பில் ஒருத்தியை டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். சரி, நாடு முழுவதும் இப்படி எத்தனை பேர்? அதை யார் எண்ணுவது?

அதற்கென்றே ஓர் ஆய்வு இருக்கிறது, குழந்தைகளே! அதன் பெயர் தேசிய குடும்ப நல ஆய்வு. 1992-93-இல் தொடங்கியது. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக, மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதை நடத்துகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் சுற்றில், நாடு முழுவதும் 6,36,699 வீடுகளில் விவரம் சேகரித்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 28 ஆயிரம் வீடுகள். நடுவில் கொரோனா ஊரடங்கு வந்து வேலை நின்றுபோனது. ஆனாலும் மறுபடி தொடங்கி முடித்தார்கள்.

"இத்தனை கோடி வீடுகளில் 6 லட்சம் வீடு போதுமா டீச்சர்?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி!

சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க அம்மா பானைச் சோறு முழுவதையுமா பிசைந்து பார்க்கிறார்? ஒரு பருக்கை போதும். ஆனால் அம்மா முதலில் கிளறிவிடுகிறார், கவனித்தீர்களா? கிளறாமல் மேலாக மட்டும் எடுத்தால் அடியில் இருப்பது தெரியாது. ஆய்வுக்காரர்களும் அப்படித்தான். முதலில் ஊர்களையும் நகரப் பகுதிகளையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அங்குள்ள வீடுகளுக்கெல்லாம் எண் போட்டுப் பட்டியல் எடுப்பார்கள். அதிலிருந்து சம இடைவெளி விட்டு 22 வீடுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு பகுதியில் 220 வீடுகள் இருந்தால், எத்தனை வீட்டுக்கு ஒரு வீடு வரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்!

தேர்ந்தெடுத்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். ஏன் தெரியுமா? பகலில் பூட்டிக் கிடப்பது வேலைக்குப் போகிறவர்களின் வீடு. அதை விட்டுவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகள் கணக்கில் வராமலே போய்விடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேள்விகள் கேட்பார்கள். உயரம், எடை அளப்பார்கள். ஐந்தாம் சுற்று வரை, பெற்றோர் சம்மதித்தால், 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளிடம் ஒரு சொட்டு ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். முடிவையும் அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சொட்டுகள் சொன்ன கணக்கைக் கேளுங்கள். 2015-16-இல், தமிழ்நாட்டில் இந்த வயதுக் குழந்தைகள் 100 பேரில் 51 பேருக்கு ரத்தசோகை இருந்தது. அடுத்த சுற்றில் அது 57 ஆனது. 15 முதல் 19 வயதுப் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை! நான் ஒருத்தியைத்தான் பெஞ்ச் மேல் நிற்க வைத்தேன். உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு இருந்ததோ!

பல பள்ளிகளில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்களே, அது இப்படிப்பட்ட கணக்குகளைப் பார்த்துக் கொண்டுவந்த திட்டம்தான். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கும், ரத்தசோகையைக் குறைப்பது ஒரு நோக்கம்.

இந்த ஆய்வு ஒரு போட்டோ மாதிரி. அன்றைக்கு எப்படி இருக்கிறோம் என்று காட்டும். இன்னொரு வகை ஆய்வு உண்டு. அது போட்டோ ஆல்பம் மாதிரி! ஒரே ஆட்களைப் பிறந்ததிலிருந்து பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்து பார்ப்பது. 1969 முதல் 1973 வரை, வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் குறித்து வைத்தார்கள். அவர்கள் வளர்ந்து 30 வயதை நெருங்கியபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்து மறுபடி சோதித்தார்கள். டெல்லியிலும் இதே மாதிரி ஓர் ஆய்வு நடந்தது. சின்ன வயதில் மெலிந்திருந்து, பிறகு வேகமாக எடை கூடியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது. இதை ஒரே நாளில் எடுத்த போட்டோ சொல்லுமா? ஆல்பம்தான் சொல்லும்!

பிரிட்டனில், 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்தவர்களில் 5,362 பேரை இப்படித் தொடர்ந்து வந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஆண்டுதோறும் பிறந்தநாள் வாழ்த்து அட்டையும் அனுப்பினார்கள்!

"எங்கள் வீட்டு விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடாதா?" இந்தப் பயம் பல பெரியவர்களுக்கும் உண்டு. நியாயமான பயம்தான். அதனால்தான் முதலில் பெயரையும் முகவரியையும் நீக்கிவிடுகிறார்கள். வரைபடத்தில் ஆய்வு நடந்த இடத்தைக் குறிக்கும் புள்ளியைக்கூட வேண்டுமென்றே நகர்த்தி வைப்பார்கள். நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரை நகர்த்துவார்கள். பீளமேட்டில் வைக்க வேண்டிய புள்ளி நவ இந்தியா பக்கமோ ஹோப் காலேஜ் பக்கமோ போய் உட்கார்ந்திருக்கலாம்! அதற்குப் பிறகுதான், எதற்காகக் கேட்கிறோம் என்று எழுதிக் கொடுத்துப் பதிவு செய்யும் ஆய்வாளர்களுக்கு அந்த விவரங்களைத் தருகிறார்கள்.

ஏன் பலருக்கும் தர வேண்டும்? ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்க வேண்டாமா? 2016-18-இல் நடந்த வேறொரு தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், விரலில் குத்தாமல் ரத்த நாளத்திலிருந்து ரத்தம் எடுத்தார்கள். இந்தியாவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகள் 100 பேரில் 41 பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. குடும்ப நல ஆய்வில், 2015-16-இல் நாடு முழுவதற்கும் 59 என்று வந்திருந்தது. விரல் ரத்தமா, நாள ரத்தமா, எது சரியான அளவு என்று ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். இப்படி வாதாடித்தான் அறிவியல் வளரும். எந்தக் கணக்கை எடுத்தாலும், அத்தனை பிள்ளைகள் சோர்ந்து கிடப்பது நல்லதா, சொல்லுங்கள்?

நாளைக்கு உங்கள் வீட்டுக் கதவையும் ஆய்வுக்காரர்கள் தட்டலாம். பெரியவர்கள் இல்லாதபோது கதவைத் திறக்காதீர்கள். அடையாள அட்டையைக் கேளுங்கள். எதற்காக, யாருக்காக என்று கேளுங்கள். விருப்பம் இல்லையென்றால் மறுக்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஆனால் பதில் சொல்வதென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். "தினமும் முட்டையும் கீரையும் சாப்பிடுகிறோம்" என்று கௌரவத்துக்காகச் சொன்னால், முட்டையும் கீரையும் கிடைக்காத இன்னொரு குழந்தை கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

ஆமாம், அந்த மாணவி என்ன ஆனாள் என்று கேட்கவில்லையே? டாக்டர் கொடுத்த மாத்திரையும், அவள் அம்மா செய்த முருங்கைக்கீரைப் பொரியலும், ராகிக் களியும் மூன்றே மாதத்தில் அவளை மாற்றிவிட்டன. விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். எல்லோர் முன்பும் அவளைத் திட்டிய நான், எல்லோர் முன்பும்தான் மன்னிப்பும் கேட்டேன்.

அவள் பெயரை நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? அவள் கதை உங்களுக்குப் பயன்படட்டும். அவள் பெயர் அவளோடு இருக்கட்டும்.

உங்கள் பக்கத்தில் யாராவது தினமும் தூங்கி விழுந்தால் சிரிக்காதீர்கள், செல்லங்களே. ஆசிரியரிடம் மெதுவாகப் போய்ச் சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?