ஈ வளர்க்கவோ படிக்கிறாள்?



அண்மையில் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஓர் அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார். மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு உயிரியல் படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஓர் ஆய்வுகூடத்தில் பழ ஈக்கள் எப்படிக் கொழுப்பைச் சேமிக்கின்றன என்று ஆராயப் போகிறாளாம்.

"இவ்வளவு காசு கட்டி ஈ வளர்க்கவோ படிக்கிறாள்? நீர் நேர்ஸ்தானே பிள்ளை, நீரே சொல்லும்."

அன்ரிக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம்.

"அன்ரி, உங்களுடைய வருத்தத்துக்குக் கிட்டத்தான் அவள் போகிறாள்" என்றேன்.

வாழைப்பழத்தைச் சுற்றும் சின்ன ஈதான் பழ ஈ. முட்டையிலிருந்து முழு ஈயாக ஏறத்தாழ 10 நாட்கள் போதும். மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றுக்கு ஈயிலும் இணை உண்டு. அதன் உடலில் கொழுப்பைச் சேமிக்கும் உறுப்பே நம் ஈரலின் வேலைகள் பலவற்றையும் செய்கிறது.

1950களில் யேல் பல்கலைக்கழக மாணவி வினிஃப்ரெட் டோன், ஒரு மரபணு பழுதானால் ஈ கொழுத்துவிடுவதைக் கண்டார். உணவு கிடைக்காதபோது அந்த ஈ மற்றவற்றைவிட நீண்ட நேரம் தாங்கும். 2007இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் அதே மரபணுவின் செயற்பாட்டை எலிகளில் கூட்டினார்கள், எலிகள் மெலிந்தன. 'பிரம்மர்' என்ற இன்னொரு மரபணு, சேமித்த கொழுப்பை உடைக்க உதவுகிறது. ஆண் ஈயைவிடப் பெண் ஈ கூடுதல் கொழுப்பு வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று 2020இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு காட்டியது.

வேலை தொடங்கிய காலத்தில், சீனி கூடி வருகிறவர்களைப் பார்த்து, "வாயைக் கட்டவில்லை" என்று மனதுக்குள் தீர்ப்புச் சொன்னவள் நான். தெற்காசியருக்கு உடல் அதிகம் பருக்காமலே நீரிழிவு வரலாம். கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் சேர்வது அதற்கு ஒரு காரணம். சோற்றைக் குறைப்பதும் நடப்பதும் மருந்தும் அவசியமே. மரபணுவைச் சாட்டுச் சொல்லித் தப்ப முடியாது. ஆனால் ஏச்சுக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, கால் புண்ணோடு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். நோயைப் புரிந்துகொண்டவர் நோயாளியை ஏசமாட்டார்.

மாணவியால் என்ன செய்ய முடியும் என்று கேட்காதீர்கள். 1911இல் கொலம்பியா பல்கலைக்கழக இளநிலை மாணவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட், வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஒரே இரவில் உலகின் முதல் மரபணு வரைபடத்தைக் கணித்தார். அதுவும் பழ ஈயில்தான். நமது ரொறன்ரோவில் 1921இல் பான்ரிங்கோடு இன்சுலினைத் தேடிய சார்ல்ஸ் பெஸ்ட், அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்த 22 வயது இளைஞர். அடுத்த ஜனவரியில் ரொறன்ரோ பொது மருத்துவமனையில் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அன்ரி இன்று போடும் ஊசியும் அந்த வழி வந்ததே.

எல்லாம் கேட்டுவிட்டு அன்ரி சிரித்தார்.

"சரி பிள்ளை, படிக்கட்டும். ஈயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராமல் இருந்தால் போதும்."