பெட்டிக்குள் அடங்காத ஊர்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் பெருவீதியிலே, இணுவிலைக் கடந்து சற்றுத் தூரம் சென்றதும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913-இல் பெண்பிள்ளைகளுக்கென நிறுவிய கல்லூரியும், ஆஞ்சநேயர் கோயிலும், மரக்கறி மூடைகள் வந்து குவியும் சந்தையும் அயலயலாக அமைந்த சந்தி ஒன்று வரும்; அதற்கு மருதனார்மடம் என்று பெயர். வலிகாமத்திலே பிறந்து வளர்ந்து அந்தப் பெயரைக் கேள்விப்படாத மனிதர் ஒருவரும் இரார். ஆயினும், சில காலத்துக்கு முன்னர், ஒரு காரியாலயத்தின் கருமபீடத்தருகே நின்ற பெரியவர் ஒருவரிடம், கணினித் திரையில் கண் பதித்திருந்த பெண், “ஐயா, மருதனார்மடம் எண்டு இதில இல்லை. இணுவில் போடட்டோ, உடுவில் போடட்டோ?” என்று கேட்டாள். பெரியவர் ஒரு கணம் பேசாதிருந்து, “பிள்ளை, நான் எழுபது வரியமா இருக்கிற இடம் உதுக்குள்ள இல்லையெண்டால், நான் எங்கை இருந்தனான்?” என்றார். அவள் சிரித்தாள், வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவருக்குப் பின்னால் நின்ற எனக்கு மாத்திரம் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அத்தகைய பெட்டிகளைச் செய்து கொடுப்பதே என் ஜீவனோபாயம்.

பெட்டி என்று நான் சொல்வது, கணினியிலே படிவம் நிரப்பிய எவரும் கண்டிருக்கக்கூடிய ஒரு சிறு சாதனம். ஒரு வரி உயரமுள்ள கட்டம்; அதன் வலக்கோடியில் கீழ்நோக்கிய அம்புக்குறி. அம்பை அழுத்தினால் ஒரு பட்டியல் கீழே விரியும். வேண்டியதைத் தெரிந்தவுடன் பட்டியல் மடங்கிக்கொள்ள, தெரிந்த சொல் மட்டும் கட்டத்தில் நிற்கும். ஒரு சாண் அகலத் திரையில் நூறு ஊர்களை ஒளித்துவைக்கும் உபாயம் இதனினும் சிறந்தது வேறில்லை. கீழ்விரிபெட்டி என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். தொழில் செய்கிறவர்களாகிய நாங்கள் ‘கொம்போ பொக்ஸ்’ என்றே பேசுகிறோம். எழுதும் கட்டமும் பட்டியலும் என்ற இரண்டின் சேர்க்கை அது என்பதனால் வந்த பெயர்.

ஆனால் அந்தச் சேர்க்கை எல்லாப் பெட்டிகளிலும் உண்மையாக இருப்பதில்லை. 1998-இல் வெளிவந்த விசுவல் பேசிக் என்ற நிரல்மொழியின் ஆறாம் பதிப்பிலே, பெட்டியின் ‘ஸ்டைல்’ என்ற குணத்துக்குப் பூச்சியம் என்று எழுதினால், பாவிப்பவர் பட்டியலிலிருந்து தெரியவும் செய்யலாம், தம் விருப்பப்படி தட்டெழுதவும் செய்யலாம்; இரண்டு என்று எழுதினால், பட்டியலில் உள்ளதைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. (ஒன்று என்று எழுதினால் பட்டியல் மடங்காமலே விரிந்து கிடக்கும், அதை மனமுவந்து உபயோகித்தவரை நான் கண்டதில்லை.) பின்னர் வந்த டொட் நெட்டிலும் இதே மூன்று வகைகள் வேறு பெயர்களுடன் தொடர்கின்றன. நிரல் எழுதுகிறவருக்கு இரண்டாம் இலக்கத்தின்மேல் அளவிறந்த பிரீதி உண்டு. சுன்னாகத்தை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் எழுதும் தொல்லை அதனால் ஒழிகிறது, தரவு சுத்தமாகிறது, பின்னர் கணக்கெடுப்பது சுலபமாகிறது. அந்தப் பெரியவரை ஊரற்றவராக்கியதும் அதே இரண்டாம் இலக்கந்தான் என்பதே என் ஊகம்.

பெட்டி பிறக்கும்போது அதற்குள் எதுவும் தெரியப்பட்டிருப்பதில்லை. கணினி பட்டியலைப் பூச்சியத்திலிருந்து எண்ணுகிறபடியால், முதலாவது ஊர் பூச்சியம், இரண்டாவது ஊர் ஒன்று. ‘ஒன்றும் தெரியப்படவில்லை’ என்ற நிலைக்கு மறை ஒன்று என்ற இலக்கம். வெறுங்கட்டம் கண்ணுக்கு அழகாயில்லை என்ற அற்பக் காரணத்தினால், பல வருஷங்களுக்கு முன்னர் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கு நான் எழுதிக் கொடுத்த நிரலிலே, திரை திறக்கும்போதே முதலாவது ஊர் கட்டத்தில் வந்து நிற்கும்படி செய்துவிட்டேன். முதலாவது ஊர் அச்சுவேலி. ஆறு மாதம் கழித்து நிலையத்தை நடத்தியவர் என்னை அழைத்து, “தம்பி, அச்சுவேலியிலயிருந்து இவ்வளவு பிள்ளையள் எங்களிட்டை வருகுதோ? ஒரு வான் விடலாம் போல கிடக்கு” என்றார். அவசரத்தில் பதிவு செய்தவர்கள் அந்தக் கட்டத்தைத் தொடாமலே கடந்துபோன ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை அச்சுவேலிக்குக் குடிபெயர்ந்திருந்தது. அன்றிலிருந்து நான் மறை ஒன்றைக் கும்பிட்டுக் கொள்கிறேன். தெரியப்படாத கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். வெறுமையாக இருந்தால் படிவத்தைச் சேமிக்க விடாமல் நிரல் மறிக்கட்டும்.

ஊர்களை எந்தக் கிரமத்தில் அடுக்குவது என்பதே இந்த விஷயத்தில் மிகவும் சுவையானதும், தமிழ் எழுதுகிறவர்களுக்கே பிரத்தியேகமானதுமான சங்கடம். நான் தொழில் பழகிய நாட்களில், விசுவல் பேசிக் ஆறாம் பதிப்பின் பெட்டிகள், எழுத்துகளுக்குப் பொது எண்கள் வழங்கும் யுனிகோட் முறையிலான தமிழைக் காட்டமாட்டா. ஆகவே ஈழத்து அச்சகங்களிலும் காரியாலயங்களிலும் ஏகபோகமாக ஆட்சி செய்த ‘பாமினி’ எழுத்துருவையே பெட்டிக்கும் பூட்டினோம். பாமினியில் தமிழ் என்பது கண்ணுக்கு மாத்திரமே தமிழ். கணினியின் நினைவிலே அது ஆங்கில விசைகளின் வரிசை. ‘ய’ என்பது ‘ஏ’ விசை. ‘உ’ என்பது ‘சீ’ விசை. ‘ம’ என்பது ‘கே’ விசை. ‘அ’ என்பது ‘எம்’ விசை. ‘இ’ என்பதோ காற்புள்ளி. பெட்டியின் ‘சோட்டட்’ என்ற குணத்தை உண்மை என்று வைத்து, இனி எல்லாம் அகர வரிசையில் அமையும் என்று எண்ணி நிரலை ஓடவிட்டால், காற்புள்ளியில் தொடங்கும் இணுவில் தலைமாட்டில் ஏறி அமர்ந்துகொள்ளும். அடுத்தது யாழ்ப்பாணம், அதன்பின் உடுவில், அப்பால் நல்லூர், காரைநகர், கைதடி. மருதனார்மடத்துக்கும் கீழே தான் அச்சுவேலி. கொம்பு ஏறிய எழுத்துகளில் கொம்பே முதலில் தட்டப்படுகிறபடியால், கொக்குவிலும் கோப்பாயும் தெல்லிப்பளையும், ககரமும் தகரமும் என்ற பேதமின்றி, ஒரு மூலையிலே கூடிவிடும். அந்தப் பட்டியலிலே ஊர் தேடிய எழுதுவினைஞர்களின் பொறுமையை நினைக்கும்போது இன்றும் எனக்கு வெட்கம் உண்டாகிறது.

யுனிகோட் வந்தபின் இந்தத் துன்பம் தீர்ந்தது என்று நினைத்தவர்களுள் நானும் ஒருவன். விண்டோஸ் 2000 தமிழைத் தாங்கி வந்தது. எழுத்துகளுக்கு அவற்றுக்குரிய எண்கள் கிடைத்தன. ஆனால் அந்த எண்களின் வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசையன்று. மெய்களை நாம் க, ங, ச, ஞ என்று தொடங்கி ழ, ள, ற, ன என்று முடிக்கிறோம், யுனிகோட் அட்டவணையிலோ, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான அமைப்பைப் பின்பற்றியதன் காரணமாக, ‘ன’ வந்து ‘ந’வின் பக்கத்தில் நிற்கிறது, ‘ற’ வந்து ‘ர’வின் பக்கத்தில் நிற்கிறது, ‘ள’வும் ‘ழ’வும் ‘வ’வுக்கு முன்னே போய்விட்டன. அச்சுவேலி, அரியாலை, அளவெட்டி, அனலைதீவு என்பது பாலபாடம் படித்த பிள்ளையும் அறிந்த ஒழுங்கு. எண்ணை மாத்திரம் நோக்கி அடுக்கும் நிரலிலே அனலைதீவு கடல் கடந்து வந்து அச்சுவேலிக்கு அடுத்தபடியாக நிற்கும். அரியாலையும் அளவெட்டியும் அதன் பின்னே. புன்னாலைக்கட்டுவன் புலோலியை முந்தும்.

புள்ளியின் கதை இதனினும் நுட்பமானது. நம் அகராதி மரபிலே மெய் முன்னே, உயிர்மெய் பின்னே; ஆகவே ‘ட்’டுடன் வரும் வட்டுக்கோட்டை முதலாவது, ‘ட’வுடன் வரும் வடமராட்சி இரண்டாவது. யுனிகோட்டிலே ‘ட்’ என்பது தனி எழுத்தன்று. ‘ட’ என்ற எழுத்தும் அதைத் தொடரும் புள்ளியும் என இரண்டு குறிகள். அந்தப் புள்ளிக்குக் கிடைத்த எண்ணோ எல்லா மெய்களுக்கும், ஔகாரக் குறிக்கும்கூடப் பிந்தியது. எனவே வடமராட்சி மேலே போக, வட்டுக்கோட்டை கீழே இறங்கிவிடுகிறது. மருதனார்மடத்திலிருந்து உடுவில் வழியாகச் சென்றடையக்கூடிய மானிப்பாயிலே, அமெரிக்க மிஷன் அச்சியந்திரத்தில், சந்திரசேகர பண்டிதர் முதலானோர் சிரத்தையுடன் தொகுத்த, 58,000-க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட அகராதி 1842-இல் வெளிவந்தது. கையாலே அத்தனை சொற்களையும் அகர வரிசைப்படுத்திய மண்ணிலே, நூறு ஊர்ப்பெயர்களை யந்திரத்தைக்கொண்டு ஒழுங்காக அடுக்க முடியாமற் போவதை விதியின் விளையாட்டு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அது எங்கள் சோம்பல். மொழிவாரியான ஒழுங்கு விதிகளைத் தாங்கிய நூலகங்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன; அவற்றைக் கையாளத் தெரியாதவர், ஒவ்வோர் ஊருக்கும் எதிரே ஒரு வரிசை இலக்கத்தைத் தாமே எழுதிவைத்து, அந்த இலக்கப்படி பெட்டியை நிரப்பினாலும் போதும். ஒரு பின்னேர வேலை.

இலக்கம் என்றதும் மற்றொன்று சொல்லவேண்டியிருக்கிறது. நல்ல பெட்டி காட்டுவது ஒன்று, சேமிப்பது வேறொன்று. யாழ்ப்பாண மாவட்டத்திலே 15 பிரதேச செயலகப் பிரிவுகளும், அவற்றின் கீழே 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உண்டு. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் ‘ஜே’ என்ற எழுத்தும் ஓர் இலக்கமும் அடையாளம். பெட்டியின் முகத்திலே பெயரைக் காட்டி, அதன் வயிற்றிலே அந்த இலக்கத்தை வைத்துவிட்டால், அதே பதிவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் காட்டலாம். நாளைக்கு ஒரு பெயரின் எழுத்து திருத்தப்பட்டாலும் பழைய பதிவுகள் கெடா.

435 பெயர்களை ஒரே பட்டியலில் கொட்டினால் தேடுகிறவரின் விரல் தேயும். அதனால் மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகம், கிராம அலுவலர் பிரிவு என நான்கு பெட்டிகளைப் படிப்படியாக அமைக்கிறோம். ஒன்பது மாகாணங்களுள் வடக்கைத் தெரிந்தால், இரண்டாம் பெட்டியில் ஐந்து மாவட்டங்கள் மாத்திரம். யாழ்ப்பாணத்தைத் தெரிந்தால், மூன்றாம் பெட்டியில் பதினைந்து பிரிவுகள் மாத்திரம். பார்ப்பதற்கு எளிது. ஆனால் மேற்பெட்டியில் தெரிவு மாறும்போது கீழ்ப்பெட்டிகளை வெறுமையாக்க மறந்துவிட்டால், யாழ்ப்பாணத்தைக் கிளிநொச்சி என்று மாற்றியபின்னும் உடுவில் அசையாமல் நிற்க, கிளிநொச்சி மாவட்டத்து உடுவில் என்ற புதிய பிரதேசம் ஒன்று பதிவேட்டில் உதயமாகிவிடும். இன்னும் ஒரு விபரீதம்: பெட்டிக்குள் பட்டியலை நிரலே ஊற்றும் வேளையிலும், யாரோ தெரிவு செய்துவிட்டார்கள் என்று பெட்டி கூவுவதுண்டு, அந்தக் கூவலை நம்பி அடுத்த பெட்டி தன்னை நிரப்பப் புறப்பட்டு, இல்லாத மாவட்டத்தின் பிரிவுகளைத் தேடி விழுந்துவிடும். பட்டியலை ஊற்றி முடியும்வரை காதைப் பொத்திக்கொள்ளும்படி நிரலுக்குச் சொல்லிவைப்பதே இதற்குப் பரிகாரம்.

மௌஸின் சில்லு செய்யும் துரோகத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எழுதுவினைஞர் உடுவில் என்று சரியாகத் தெரிந்துவிட்டு, படிவத்தின் அடிப்பகுதியைப் பார்ப்பதற்காகச் சில்லை உருட்டுகிறார். திரையின் கவனம் இன்னும் பெட்டியிலேயே இருப்பதனால், படிவம் நகராமல் ஊர் நகர்ந்துவிடுகிறது. பெட்டி மடங்கியிருக்கும்போது சில்லுக்குச் செவிசாய்க்காதபடி செய்வது சில வரிகளில் முடியும் காரியம். ஆயினும் அதைச் செய்யாத நிரல்களே எங்கும் மலிந்து கிடக்கின்றன.

பெரியவரின் கேள்விக்கு வருவோம். சந்தியின் பெயர் வேறு, நிர்வாகப் பிரிவின் பெயர் வேறாக இருப்பது நமது நாட்டில் சாதாரணம். மனிதர் தம் இருப்பிடத்தைச் சந்தியாலும் கோயிலாலும் சந்தையாலும் அறிவார்கள். பதிவேடு எல்லைக்கோட்டினால் அறிகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் பெட்டி, பதிவேட்டின் பாஷையை மாத்திரம் பேசினால், கருமபீடத்துக்கு அப்பால் நிற்பவர் ஊமையாகிவிடுகிறார். தட்டெழுத அனுமதிக்கும் பெட்டியாக வைத்து, வழக்குப் பெயர்களின் பட்டியல் ஒன்றைப் பக்கத்திலே வைத்து, ஒவ்வொரு வழக்குப் பெயருக்கும் பொருந்தக்கூடிய பிரிவுகளை இணைத்துவிட்டால், தரவின் சுத்தமும் கெடாது, மனிதரின் மானமும் கெடாது. அத்தகைய பட்டியலைக் கொழும்பிலிருந்து ஒருவர் செய்ய முடியாது; சைக்கிளில் அவ்வூர் ஒழுங்கைகளில் திரிந்தவரே செய்யவேண்டும்.

நான் இப்போது எழுதும் நிரலிலே ‘மரு’ என்று இரண்டு எழுத்துத் தட்டியதும் மருதனார்மடம் என்ற பெயர் இறங்கி வருகிறது. அதைத் தெரிந்தால், சந்தியைச் சூழவுள்ள இணுவில், உடுவில் பக்கத்துப் பிரிவுகள் மாத்திரம் அடுத்த பெட்டியில் நிற்கின்றன, எதுவும் தானாகத் தெரியப்படாமல். தங்கள் சந்திக்கும் ஒழுங்கைக்கும் வழங்கும் பெயர்களை எழுதி அனுப்பக்கூடிய வாசகர்கள், அவற்றைத் தங்கள் பிரதேசத்தில் நிரல் எழுதும் பிள்ளைகளிடம் கொடுத்துதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.