விதை இறங்கவில்லையா? ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள்

பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளும் சரி, பக்கத்துத் தக்கலையிலும் சரி, கைக்குழந்தையை நீட்டிய காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது பாட்டிமார் வேலை. விதைப்பையின் ஒருபக்கம் சப்பென்று கிடந்தால் முதலில் அந்தக் கைக்குத்தான் தெரியும். "வளர வளர எறங்கிரும்" என்று சமாதானமும் அங்கிருந்தே வரும்.

அதில் பாதி உண்மை. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்கு விதை பைக்கு வந்திருக்காது. குறைமாதக் குழந்தைகளில் இன்னும் அதிகம். வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்கு அருகே உருவாகும் விதை, தொடை இடுக்கு வழியாக இறங்கும்போது நடுவழியில் நின்றுவிடுகிறது. பலருக்கு முதல் சில மாதங்களில் தானே இறங்கிவிடும். ஆறு மாதம் கடந்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கைப் பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளிலிருந்து போட வேண்டும்.

பிறந்த சில வாரங்களில் ஆண் குழந்தையின் உடலில் ஹார்மோன்கள் ஒருமுறை பொங்கி, ஆறு மாதத்துக்குள் அடங்குகின்றன. விதைக்குள் இருக்கும் கோனோசைட் என்னும் ஆதி அணுக்கள், பின்னாளில் விந்தணுக்களைத் தரப்போகும் மூல அணுக்களாக மாறுவது அப்போதுதான். விதைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியானது. உடம்பின் 37 டிகிரிச் சூட்டில் சிக்கிய விதையில் இந்த மாற்றம் தடுமாறுகிறது. அணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன. பிள்ளை நடக்கப் பழகுவதற்கு முன்பே இழப்பு தொடங்கிவிடுகிறது என்பதுதான் என் கவலை.

அதனால்தான் 6 முதல் 18 மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து, விதையைப் பையில் பொருத்திவிடச் சொல்கிறார்கள். புற்றுநோய் அபாயமும் வயதைப் பொறுத்தது. சுவீடனில் சுமார் 17,000 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2007-ல் வெளியானது. 13 வயதுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களுக்கு விதைப் புற்றுநோய் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல். பிறகு பெற்றவர்களுக்கு ஐந்து மடங்குக்கும் மேல்.

வெந்நீரில் குளிப்பாட்டும்போது தொட்டுப் பாருங்கள். சூட்டில் இறங்கி நின்று, குளிரில் மேலேறும் விதைக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது; வருடம் ஒருமுறை டாக்டர் பார்த்தால் போதும். எப்போதுமே தட்டுப்படாவிட்டால் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிவரை தள்ளாதீர்கள். ஸ்கேனுக்கு அலையவும் வேண்டாம். அனுபவமுள்ள மருத்துவரின் விரல்களே முக்கியம். பிறந்தபோதே இரண்டு விதையும் தட்டுப்படவில்லை என்றால் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

அறுவை முடிந்ததும் தரும் டிஸ்சார்ஜ் சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். மீசை அரும்பும் வயதில் அதை மகனிடம் காட்டி, மாதம் ஒருமுறை தன் விதையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று தானே தடவிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.