குரங்கு மனிதனும் தேவாங்கும்

2001 மே மாதம் டெல்லி மக்கள் 'குரங்கு மனிதனுக்கு' அஞ்சி நடுங்கினர். மின்தடையால் மொட்டை மாடியில் உறங்கியோரை அது நகத்தால் கீறியதாம். கண்கள் தணலாய் ஒளிர்ந்தனவாம். தலையில் ஹெல்மெட் வேறு! ஆளுக்கொரு வருணனை. பயத்தில் மாடியிலிருந்து விழுந்து உயிர்விட்டோரும் உண்டு. ஆராய்ந்த நிபுணர்களோ, அப்படியொரு பிராணியே இல்லை, எல்லாம் அச்சத்தின் விளைவு என்றனர்.

ஆத்தூரில் வாழும் நமக்கு இதில் ஒரு வேடிக்கை. இருளில் கண் ஒளிரும், குரங்குக்கு உறவான பிராணி நம் திண்டுக்கல் மாவட்டத்தில் மெய்யாகவே உண்டு. அதுதான் தேவாங்கு. இரு உள்ளங்கைகளில் அடங்கிவிடும். பகலில் சுருண்டு உறங்கி, இரவில் பூச்சி பிடித்துத் தின்னும். விழியின் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்புவதால் டார்ச் வெளிச்சத்தில் கண்கள் செந்நிறமாய் மின்னும். பாவம், அபசகுனமென்று அடித்தவர்களும் மாந்திரீகத்துக்கென்று பிடித்தவர்களும் பலர். 2022இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது.