கனத்தால் அளந்த ஆழம்

கோலார் தங்கவயல் என்றவுடன் பொன்னும், அதை வெட்டியெடுக்க வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து போய்க் குடியேறிய நம் தொழிலாளரும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், 1951 முதல் பல ஆண்டுகள் அச்சுரங்கங்களின் ஆழம் பௌதிக விஞ்ஞானிகளுக்கும் பயன்பட்டு வந்தது. காஸ்மிக் கிரணங்கள் வாயுமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் மியூவான் என்னும் துகள்கள் பாறையை ஊடுருவி எவ்வளவு தூரம் இறங்குகின்றன என்று அறிய, ஹோமி பாபாவின் யோசனைப்படி, டாடா ஆராய்ச்சி நிலையத்தின் இளம் விஞ்ஞானி பி.வி. ஸ்ரீகண்டன் தம் கருவிகளோடு அங்கே இறங்கினார்.

துகள்களை எண்ணிவிடலாம், அந்த எண்ணிக்கையைப் பிற நாட்டாரின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவதில்தான் சங்கடம். துகளைத் தடுப்பது தூரமன்று, வழியில் குறுக்கிடும் பொருளின் கனம். கோலார்ப் பாறையோ நீரைப்போல் மூன்று மடங்கு கனமுள்ளது. ஆகவே ஆழத்தைக் கனத்தால் பெருக்கி, அதே தடையைத் தரும் நீரின் ஆழமாகச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. அதுவும் போதவில்லை, வேகம் மிகுந்த மியூவான்கள் இழக்கும் சக்தி பாறையிலுள்ள அணுக்களின் தன்மையையும் பொறுத்தது. எனவே அடர்த்தி 2.65, அணு எண் 11, அணு எடை 22 என்று ஒரு பிரமாணப் பாறையை விஞ்ஞானிகள் வகுத்துக்கொண்டார்கள். எந்த மலையிலும் கிடைக்காத, காகிதத்தில் மட்டுமே உள்ள பாறை அது!

யுரேனியம் தேடுவோருக்கும் இத்தகைய தொல்லை உண்டு. ஒரே பாறையின் மீது, காமா கிரணங்களை எண்ணும் கருவிகளில் சிறிய படிகமுள்ளது ஓர் எண்ணையும் பெரிய படிகமுள்ளது வேறோர் எண்ணையும் காட்டும். ஆதலால் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் இன்ன அளவு என்று திட்டமாகத் தெரிந்த கான்கிரீட் மேடைகளை அமைத்து, அவற்றின் மீது வைத்துக் கருவிகளைச் சரிபார்க்கிறார்கள். நாகபுரியில் அணுக் கனிம இயக்ககத்தார் அத்தகைய மேடைகளை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஒரு சந்தேகம் நிற்கிறது. கருவி உணரும் காமா கிரணம் பெரும்பாலும் யுரேனியத்திலிருந்து வருவதன்று. அதன் சந்ததியில் பல தலைமுறை தள்ளிப் பிறந்த பிஸ்மத்திலிருந்து வருவது. பேரனின் குரல் கேட்டதைக்கொண்டு பாட்டனார் வீட்டிலிருப்பதாக முடிவு செய்வது போன்ற காரியம் இது. நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு போயிருக்கலாம். இடையில் பிறக்கும் ரேடான் வாயு வெளியேறியுமிருக்கலாம். அதனால்தான் கருவி சொல்லும் அளவைச் ‘சமான யுரேனியம்’ என்று ஜாக்கிரதையாகக் குறித்து, ரசாயனப் பரிசோதனையோடு ஒப்பிடுகிறார்கள்.

மீண்டும் கோலாருக்கு வருவோம். அங்கே 8,400 மீட்டர் நீருக்குச் சமமான ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் மியூவான் ஒன்றும் அகப்படவில்லை. மியூவான்களின் இடையூறு இல்லாததால், எந்தப் பாறையையும் எளிதில் ஊடுருவும் நியூட்ரினோ என்னும் துகளைத் தேட ஏற்ற இடம் அதுவென அந்த ஏமாற்றமே காட்டிற்று. இந்திய, ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகள் 1965-இல் அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறக்குறைய 2,300 மீட்டர் ஆழத்தில், வாயுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில், 3,200 மீட்டர் ஆழத்தில், அமெரிக்க விஞ்ஞானி ரைன்ஸின் குழுவினரும் கண்டார்கள். மீட்டரில் பார்த்தால் கோலார் வெகுவாகப் பின்தங்கியது. நீராக மாற்றினால் 7,000-க்கு 8,800 என்று அந்த வித்தியாசம் விகிதத்தில் சற்றுக் குறைகிறது. நம் பாறையின் கனம் செய்த உபகாரம் அது.