ஐசியுவில் தொலைந்த நாட்கள்

டிசம்பர் வந்தால் நன்றியுணர்வைப் பற்றிய செய்திகளும் வந்துவிடும். 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது: சராசரி வயது 79 கொண்ட 49,275 பெண்களில், நன்றியுணர்வு மிகுந்தோரிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு 9 சதவீதம் குறைவு. அது கவனித்து எடுத்த கணக்கு. யாருக்கும் நன்றியுணர்வை ஊட்டிச் சோதித்துப் பார்த்ததல்ல. உடம்பு ஒத்துழைக்கிறவருக்கு நன்றி சொல்வதும் எளிது. உடல்நலத்தின் அந்தப் பங்கை எப்படிக் கணக்குப் போட்டாலும் முழுதாகக் கழிக்க முடியாது. நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த 9 சதவீதத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அவருக்கு வேறு கவலை. மலேசியாவின் கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் ஒருவர் மோசமாகப் படுத்துவிட்டால், தஞ்சோங் காராங் மருத்துவமனையிலிருந்து கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ அனுப்பிவிடுவது உண்டு. வாரக்கணக்கில் ஐசியு, பிறகு வார்டு. ஒருவழியாகக் கிறிஸ்துமஸுக்கு வீடு வந்து சேர்ந்தால் கோயிலில் நன்றிப் பூசை, காப்பாற்றிய மிஸ்ஸிக்கு (தாதிக்கு) ஒரு டின் முறுக்கு என்று குடும்பமே நெகிழ்ந்திருக்கும். பிழைத்து வந்தவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த மிஸ்ஸி தன்னைக் கொல்லப் பார்த்தாள் என்பார்.

நன்றி கெட்டவர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. மூளைக்குள் நடப்பது அப்படி.

தோட்டத்துக் காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளலாம். மூளையின் ஹிப்போகாம்பஸ் கிராணி மாதிரி: யார் வந்தார், எந்த நிரை, எத்தனை குலை என்று செக்ரோலில் வரிசையாகப் பதிகிறவர். அமிக்டலா, ஆபத்து என்றால் தகரத்தைத் தட்டுகிற ஜாகா. செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவருக்குக் கொடுக்கும் மிடசோலம் போன்ற மயக்க மருந்து கிராணியைத் தூங்க வைத்துவிடுகிறது. புதிதாக எதுவும் பதிவாவதில்லை. அழற்சி, இரவிலும் அணையாத விளக்கு, துண்டு துண்டாகும் தூக்கம் எல்லாம் சேர்ந்து டெலிரியம் என்னும் சித்தக் குழப்பத்தைக் கொண்டுவருகின்றன. ஜாகா மட்டும் விழித்திருந்து தட்டிக்கொண்டே இருக்கிறார். மாதக் கடைசியில் செக்ரோல் வெள்ளையாகக் கிடக்கிறது. தகரச் சத்தம் மட்டும் காதில் நிற்கிறது. சம்பளம் போட்டாக வேண்டுமே! யாரோ ஊகித்து நிரப்புகிறார். குழாயைப் பிடுங்காதிருக்கக் கையைக் கட்டியது, கடத்தலாகப் பதிவாகிறது. சிறுநீர்க் குழாய் செருகியது தாக்குதலாகிறது, ஸ்கேன் எந்திரம் சூளையாகிறது. மூளை இவ்வளவு கச்சிதமாகத் துறை பிரித்து வேலை செய்வதில்லை என்றாலும், நடப்பதன் சாரம் இதுதான். இங்கிலாந்தில் கிறிஸ்டினா ஜோன்ஸ் குழுவினர் 2001இல் கண்டது இன்னும் வியப்பு: ஐசியுவைப் பற்றிய உண்மையான நினைவு, கசப்பானதாகவே இருந்தாலும், காப்பாக நிற்கிறது. பொய் நினைவு மட்டுமே மிஞ்சியவர்கள்தான் பின்னாளில் அதிகம் அல்லாடினார்கள்.

ஐசியு பிறந்ததே 1952இன் கோபன்ஹேகன் இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோயில். மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக் கையால் பையை அழுத்தி நோயாளிகளை மூச்சுவிட வைத்தார்கள். உயிரைக் காப்பாற்றக் கற்ற பிறகு, தொலைந்த நாட்களைக் கவனிக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1980களில் ஸ்காண்டிநேவியத் தாதியர், நினைவின்றிக் கிடப்பவருக்காக நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார்கள். கிராணி தூங்கிய நாட்களுக்கு, வேலையை நேரில் பார்க்கும் தண்டலின் கைப்புத்தகம் போல.

பலன் உண்டா? ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. நாட்குறிப்பை முன்னதாகவே பெற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கும், பெறாமல் காத்திருந்தவர்களில் 13 சதவீதத்தினருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் புதிதாக வந்தது. 2019இல் பிரான்ஸின் 35 ஐசியுக்களில் நடந்த பெரிய ஆய்வு அப்படிப்பட்ட வேறுபாட்டைக் காணவில்லை. ஆகவே இதை மருந்து என்று விற்பதும் தவறு. ஆனால் மனநோயைத் தடுக்காவிட்டாலும், தன் வாழ்க்கையில் காணாமற்போன மூன்று வாரங்களில் என்ன நடந்தது என்று ஒரு மனிதருக்குத் தெரிவது சின்ன விஷயமல்ல.

2020 கிறிஸ்துமஸின்போது கோவிட் மருத்துவமனையாக இருந்த சுங்கை பூலோவில் பார்வையாளருக்கு இடமில்லை. கட்டிலருகே நடந்ததைப் பார்த்தவர்கள் மருத்துவப் பணியாளர்கள் மட்டுமே. இன்று குடும்பம் உள்ளே போகலாம். நாட்குறிப்பு எழுத ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். “24ஆம் தேதி. இன்று தொண்டைக் குழாயை எடுத்தார்கள். நீங்கள் கையை உதறினீர்கள். மிஸ்ஸி உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். வெளியே கேரல் பாடினார்கள்.” இப்படித் தேதியோடு, நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அறிவுரையும் அழுகையும் குறைவாக இருக்கட்டும். படம் எடுப்பதானால் வார்டில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்த அன்றே அதை அவர் கையில் திணிக்கத் தேவையில்லை. சிலர் மாதங்கள் கழித்தே திறப்பார்கள், சிலர் திறக்கவே மாட்டார்கள். கேட்கும்போது கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால், கையைக் கட்டியது எந்த நாள், ஏன் என்று அவர் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கும். முறுக்கு டின்னை யாருக்குக் கொடுப்பது என்பதை அதற்குப் பிறகு அவரே முடிவு செய்யட்டும்.